உப்புப் பார்க்க ஆளில்லாத கஞ்சி

இலங்கையில் உள்ள பௌத்தர்கள் எல்லாரையும் தராசின் ஒரு தட்டிலும், கல்முனைக்குடி ஹேமதாச பாஸை மற்றத் தட்டிலும் வைத்து நிறுத்தால், பாஸின் தட்டு நிலத்தில் இடித்துத் தார் ரோடு வெடிக்கும். முழுநிலவு உதிக்க முன்னம் பாஸ் கதவு திறந்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்கு மேலே வரும். அவர் பிசைந்த மாவு பொங்குவதற்கு ஈஸ்ட் தேவையில்லை, அவருடைய புண்ணியமே போதும். இதெல்லாம் நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதினால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று, வாசிகசாலையில் கிடக்கிற ஹாஜியார்மாரின் சரித்திரங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கண்ணால் கண்டதை இனி எழுதுகிறேன்.

தொழில் தேர்ந்தவரைப் பாஸ் என்போம்; இவர் தெற்கே தங்காலைச் சிங்களவர். மீசை முளைக்கிற வயதில் தாய்மாமனோடு கல்முனைக்கு வந்து, கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில் இருந்த பேக்கரியில் பாண் சுடுகிற போறணைக்கு விறகு தள்ளினார். மாமன் ஊருக்குத் திரும்பினார், இவர் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால், "மாவைக் குழைச்சு வெச்சிட்டன், விட்டுட்டு எப்பிடிப் போற?" என்பார். அந்த மாவுக்கு இப்போது முப்பது வயது இருக்கும்.

அவர் கதைக்கிற தமிழ் அச்சொட்டாக எங்கள் தமிழ். போறணையில் கை சுட்டால் "அல்லாவே" என்று கத்துவார், பிறகு நினைவு வந்து "புதுசரணை" என்று சேர்த்துக்கொள்வார். இரண்டு பக்கமும் சொல்லி வைத்தால் காயம் கெதியாக ஆறும் என்பது மசூரின் கருத்து. மசூர் என் கூட்டாளி. அவனுடைய கருத்தை ஒருத்தரும் கேட்பதில்லை. அவன் சொல்லுவான்.

பாஸின் சமயம் பேக்கரிக்குப் பின்னால், மா மூட்டை அடுக்குகிற அறையில் ஒரு பலகைத் தட்டில் இருந்தது. சாண் உயரத்தில் ஒரு புத்தர் சிலை, ஒரு தேங்காயெண்ணெய் விளக்கு, ஒரு பீங்கானில் நாலைந்து நந்தியாவட்டைப் பூ. பின்னேரத்தில் பூ வாடிக் கிடக்கும். மறுநாள் புதுப் பூ.

"வாடத்தானே போகுது பாஸ். பிளாஸ்டிக் பூ வெச்சா வேலை மிச்சம்" என்று ஒருநாள் சொன்னேன்.

"வாடுறதுக்குத்தான்டா வெக்கிற. இந்தப் பூ வாடுற மாதிரி என்ட உடம்பும் வாடும் எண்டு சொல்லித்தான் வெக்கிற. பிளாஸ்டிக்கை வெச்சிட்டு என்னத்தைச் சொல்ற?"

பதில் இருக்கிற ஆட்களிடம் கேள்வி கேட்பதில் ருசியில்லை.

காலையில் போறணை மூட்ட முன்னம் அந்தத் தட்டுக்கு முன்னால் முழங்காலில் இருந்து ஐந்து சீலம் சொல்லுவார். உயிரைக் கொல்ல மாட்டேன், தராததை எடுக்க மாட்டேன், தகாத உறவு கொள்ள மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன், வெறிக்கிற சாமான் குடிக்க மாட்டேன். இது கட்டளை இல்லையாம். மேலிருந்து ஒருத்தரும் சொல்லவில்லையாம், தானே தனக்குச் சொல்லிக்கொள்கிறதாம். அதனால்தான் நாள்தோறும் சொல்ல வேண்டியிருக்காம். "நேத்துச் சொன்னது நேத்தோட போச்சு" என்பார், நேற்றைய பாணைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்.

ஐந்தில் நாலு எங்களுக்கும் உண்டு. முதலாவதுதான் பேக்கரிக்குத் தோது இல்லை. மாவில் வண்டு இருக்கும். மற்ற பேக்கரிகளில் அது பாணோடு வெந்து எங்களுக்கே வந்து சேரும். பாஸ் மாவை அரித்து, அரிதட்டில் மிஞ்சின வண்டுகளைத் தின்னக் கொஞ்சம் மாவோடு ஒரு பால்மா டின் மூடியில் போட்டு, வேலிக்கு அப்பால் கொண்டுபோய் வைப்பார். வேலிக்கு அப்பால் சபியா உம்மாவின் வளவு. சபியா உம்மாவிடம் கோழி உண்டு.

"பாஸ், நீங்க கொல்லல்ல. கோழிக்கு விருந்து வெக்கிறீங்க."

"நான் விட்டது வண்டை. கோழியை நான் கூப்பிடல்ல."

"மூடிச் சத்தம் கேட்டாலே ஓடி வருதே."

பாஸ் யோசித்தார். அன்றிலிருந்து மூடியைச் சத்தம் போடாமல் வைக்கிறார். கோழி இப்போது வேலியடியிலேயே படுத்திருக்கிறது.

மாதம் ஒரு பறுவம், முழுநிலவு நாள், அதுதான் அவர்களுக்குப் போயா. அன்றைக்குப் பேக்கரி பூட்டு. பாஸ் வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சேட்டும் உடுத்துச் சந்தைக்கு அங்கால இருக்கிற பன்சலைக்கு, அவர்களுடைய விகாரைக்குப் போய், அங்குள்ள பிக்கு ஹாமதுருவிடம் சில் எடுப்பார், அதுதான் அவர்களுடைய விரதம். சில் எடுத்தால் ஐந்து எட்டாகும். அந்த எட்டில் ஒன்று, பகல் பன்னிரண்டுக்குப் பிறகு விடியும்வரை சாப்பாடு இல்லை. பால் விடாத தேத்தண்ணி மட்டும். எங்களுக்கு விடிய முன்னம் பூட்டிப் பொழுதுபடத் திறக்கிற வாய், அவருக்கு மத்தியானம் பூட்டி விடியத் திறக்கிற வாய். பூட்டு ஒன்றுதான், சாவி போடுகிற நேரம் வேறு.

போயாக்களில் பெரியது வெசாக். புத்தர் பிறந்ததும் ஞானம் அடைந்ததும் மறைந்ததும் ஒரே பறுவத்தில் என்பார்கள். போன வருசம் வெசாக் விளக்குக் கூடு கட்ட நானும் மசூரும் போனோம். மூங்கில் வளைக்க, ரிசுக் கடதாசி ஒட்ட எல்லாம் எங்களுக்குத் தெரியும், மீலாத் விழாவுக்குக் கட்டுகிறோம்தானே. ஆனால் கை பழகின பக்கம்தான் போகும். முடித்துப் பார்த்தால் கூட்டின் உச்சியில் பிறையும் நட்சத்திரமும். பாஸ் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சந்திரன் இரிக்கி. பறுவத்துக்குக் கொஞ்சம் மெலிஞ்சு போச்சு" என்று சொல்லி உள்ளே மெழுகுதிரி கொளுத்தினார். அவருடைய மனைவி சோமாவதி அக்கா வாசல்படியில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இந்த வருசம் கூடு கட்டவில்லை. பங்குனியில் சோமாவதி அக்கா மௌத்தாகிவிட்டார்.

பிள்ளைகுட்டி இல்லை. ஐந்தாறு மாதம் பாயில் கிடந்தார். ஒழுங்கையில் உள்ள பெண்கள் முறை போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முறை போட்டது சபியா உம்மா, அதனால் ஒருத்தரும் தப்ப ஏலாது. கடைசியில் அக்கா பாஸிடம் கேட்டது ஒன்றுதான். தான் போய் மூன்றாம் மாதத்தில் கொடுக்கிற தானத்தைத் தங்காலைக்குக் கொண்டுபோய்ச் சொந்தக்காரருக்குக் கொடுக்காதே, இந்த ஒழுங்கைக்குக் கொடு.

தானம் என்றால் என்னவென்று பாஸ் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். செத்தவர்களுக்கு நேரே ஒன்றும் அனுப்ப ஏலாது. இருக்கிறவர் கொடுக்க வேண்டும், இன்னொருவர் வாங்கிச் சாப்பிட வேண்டும், அதில் கொடுத்தவரின் மனம் குளிர வேண்டும். அந்தக் குளிர்ச்சியில் வருகிறதுதான் 'பின்', புண்ணியம். அதைத்தான் செத்தவருக்குப் பங்குவைக்கலாம். கொடுக்க முன்னமும் கொடுக்கும்போதும் கொடுத்த பிறகும் மனம் குறைப்படக்கூடாது.

"வாங்கினவன் முகத்தைச் சுளிச்சா?" என்று மசூர் கேட்டான்.

"அப்ப என்ட மனசும் சுளிக்கும். அவளுக்குப் போற வழியில எல்லாம் ஒழுகிப் போகும்."

மூன்று மாதம் முடிகிறது பொசன் போயாவில். மகிந்த தேரர் மிகிந்தலையில் வந்து நின்று, மான் வேட்டைக்கு வந்த ராசாவை மறித்துத் தர்மம் சொன்ன நாள் அது. அன்றைக்குச் சிங்கள ஊர்களில் ரோட்டோரம் பந்தல் போட்டு, போகிற வருகிறவர்களை மறித்துச் சாப்பாடு கொடுப்பார்கள். தன்சல் என்று பெயர். பாஸும் தன்சல் போட முடிவுசெய்தார். காலையில் பன்சலையில் தானம், பகலில் ஒழுங்கைக்குத் தன்சல். முடிவு நல்ல முடிவு. ஆனால் இந்த வருசம் பொசன் எங்கள் நோன்புக்கு நட்ட நடுவில் வந்து விழுந்தது.

"பாஸ், பகல்ல பந்தல் போட்டா சபியா உம்மாட கோழி மட்டும்தான் வரும்" என்றான் மசூர்.

பாஸ் அன்றைக்குப் பாணைக் கருக்கிவிட்டார். மறுநாளும் கருக்கினார். மூன்றாம் நாள் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். பகலில் வேண்டாம், நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கொடுக்கலாம். சோறு வேண்டாம், நோன்புக் கஞ்சி. கஞ்சிக்குக் கஞ்சி.

அதற்கு முன்னம் பள்ளிவாசலுக்குப் போய்ப் பக்கீர் முகைதீன் லெப்பையைக் கேட்டார். நாங்களும் பின்னால் போனோம், லெப்பை ஏசினால் பார்ப்பதற்கு.

"லெப்பை, என்ட கஞ்சி உங்கட ஆக்கள்ர வாய்க்குச் சேருமா?"

"சிலைக்கு முன்னால வெச்சுப் படைச்சதா?"

"இல்ல. அடுப்பில இரிந்து நேரே சட்டிக்கு."

"இறைச்சி?"

"போயாவுக்கு ஏது இறைச்சி லெப்பை? வெறும் தேங்காப்பால்."

லெப்பை தாடியைத் தடவினார். "மறுமையில நம்மளைக் கேக்க ஆயிரம் கேள்வி இரிக்கி ஹேமதாச. அந்தம்மாட பேர்ல காச்சின கஞ்சி அதில ஒண்டா இரிக்காது. காச்சு. எனக்கும் ஒரு சட்டி." லெப்பை ஏசவில்லை. வந்தது வீண்.

பொசன் அன்று வெள்ளிக்கிழமை. பாஸ் காலையில் பன்சலைக்குப் போய்ச் சில் எடுத்து, தானம் கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டோடு வாயைப் பூட்டிக்கொண்டு வந்தார். சில்லோடு அடுப்படியில் நிற்கலாமா என்று ஹாமதுருவைக் கேட்டாராம். தானத்துக்கு என்றால் நிற்கலாம், ருசி பார்க்க ஏலாது என்றாராம். ஜும்ஆ முடிந்து நாங்கள் போனபோது பேக்கரி முற்றத்தில் மூன்று கல்லுக்கு மேல் கலியாண வீட்டுக் கிடாரம் ஏறியிருந்தது. சபியா உம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டளை போட்டுக்கொண்டிருந்தார். அரிசி, பயறு, உள்ளி, இஞ்சி, வெந்தயம், ரம்பை எல்லாம் அவர் சொன்ன கணக்கு. தேங்காய் துருவினது மசூர். வேலை செய்யாமல் நின்றது நான்.

பால் விட்டுக் கஞ்சி தடித்து வருகிற நேரத்தில் பாஸ் கேட்டார், "உப்புப் போட்டாச்சா?"

"நான் கொஞ்சம் போட்டன்" என்றார் சபியா உம்மா.

"நானும் கொஞ்சம் போட்டன்" என்றார் பாஸ்.

மசூர் தேங்காய்ப்பூவைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "நான் கொஞ்சம்தான் போட்டன்."

கிடாரம் குமிழி விட்டது. அவரவர் கொஞ்சம் எவ்வளவு என்று அவரவரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. பாஸின் கை பேக்கரிக் கை, மூட்டை மாவுக்கு உப்புப் போட்டுப் பழகினது. சபியா உம்மாவின் கையைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

"நாக்கு நுனியில வெச்சுப் பாத்துட்டுத் துப்பலாம். காச்சிற ஆளுக்கு அதுக்கு இடமிரிக்கி" என்று சொல்லி, சபியா உம்மாவே அகப்பையில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். "யா அல்லாஹ்! கடல்!"

எல்லாரும் கிடாரத்தை விட்டு ஓரடி தள்ளி நின்றோம். பிறகு மசூர்தான் நினைவுபடுத்தினான். சபியா உம்மாவுக்குப் பிரஷர். டொக்டர் உப்பை விடச் சொல்லி நாலைந்து வருசம். அவருக்கு இடியப்பமும் கடல்தான், வெறுஞ்சோறும் கடல்தான். அவர் கை கொஞ்சம் என்று நினைத்தது அரைக் கொஞ்சமாகவும் இருக்கலாம், பயத்தில் இரட்டைக் கொஞ்சமாகவும் இருக்கலாம்.

"அப்ப நீ பாத்துத் துப்பு" என்றார் சபியா உம்மா மசூரிடம்.

"எனக்குத் துப்ப வராது மாமி. வாயில போனது உள்ளதான் போகும். பிறவிக் குணம்."

சபியா உம்மாவின் பேத்தி சித்தி லைலா வாசலில் நின்றாள். வயது ஐந்து. அவளைக் கூப்பிட்டோம்.

"நான் நோன்பு" என்றாள்.

"நீ காலையில பணிஸ் தின்டத நான் கண்டனே."

"அது சஹர், நோன்பு பிடிக்க முன்னம் தின்டது" என்றாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். இமாம்களும் இவ்வளவு இறுக்கமாக மூடியிருக்க மாட்டார்கள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நல்லரெத்தினம் அண்ணரின் சைக்கிள் கடை. அவருக்கு நோன்பும் இல்லை, சில்லும் இல்லை. நான் ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். வந்தவர் கிடாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"தம்பி, இண்டைக்கு என்ன கிழமை?"

"வெள்ளி."

"பறுவமும் வேற. அம்மனுக்கு நேந்திரிக்கன். பொழுதுபட்டு விளக்கு வெச்சுத்தான் வாயில படுற."

அன்றைக்குக் கல்முனையில் வாய் இருந்தது, நாக்கு இருந்தது, பாவிக்க அனுமதிதான் இல்லை.

அதற்குள் பின்னேர அசர் தொழுகை முடிந்து, பள்ளிவாசலில் கஞ்சி வாங்கப் போகிற பிள்ளைகள் எல்லாம் சட்டி, வாளி, தூக்குப்பாத்திரத்தோடு பேக்கரி வாசலுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். வரிசை ஒழுங்கை முடக்கு வரைக்கும் போனது. பாஸ் எட்டிப் பார்த்தார்.

"பாஸ், நானே ஒரு சொட்டுத் தொட்டு..." என்று நான் தொடங்கினேன்.

"வேணாம். சொட்டு எண்டு தொடங்கும், சிறட்டையில முடியும். என்ட தானத்துக்காக ஒருத்தன்ட நோன்பு சந்தேகத்தில போகக்கூடாது. அதுவும் தராததை எடுக்கிறதுதான்." கிடாரத்தின் வளையத்தைப் பிடித்தார். "இறக்கு. ஊத்திருவம். உப்புக் கரிச்ச கஞ்சியை இந்தச் சனத்துக்குக் குடுத்து, அவங்க எனக்காகச் சிரிச்சிக்கிட்டுக் குடிச்சா, அவளுக்கு அதுதானா போற?"

எனக்கு உடனே ஒரு விசயம் நினைவு வந்தது.

"பாஸ், உப்பை மணத்தால பாக்கலாம்."

"என்ன?"

"எங்கட வாப்பாட சாச்சா கடலுக்குப் போற ஆள். கருவாடு காயப் போடுற இடத்தில நிண்டு மணந்தே உப்புக் கூடிப்போச்சு, குறைஞ்சு போச்சு எண்டு சொல்லுவார். எனக்கும் பழக்கித் தந்திரிக்கார்."

மசூர் என்னைப் பார்த்தான். என் வாப்பாவுக்குச் சாச்சா இருந்தது அவனுக்கும் அன்றுதான் தெரியும். ஆனால் மசூர் நல்லவன். "ஓம் பாஸ், அவர்ர மூக்கு பேர்போன மூக்கு" என்றான்.

பாஸ் என்னைக் கனநேரம் பார்த்தார். பிறகு வளையத்தை விட்டார்.

சிறட்டையில் கொஞ்சம் கஞ்சி எடுத்துக்கொண்டு மா மூட்டை அடுக்கின அறைக்குள் போனேன். காற்றுப் பட்டால் மணம் கலைந்துவிடும் என்பதால் மூட்டைகளுக்குப் பின்னால் போய், சுவரைப் பார்த்துக் குந்தி இருந்து மணந்தேன். நன்றாக மணந்தேன். வெளியே வந்து, "கூட" என்றேன். "காவாசி கூட."

பாஸ் பேக்கரிக்காரர். பச்சை மாவை உருண்டையாக உருட்டி இருபது முப்பது போட்டார். மா உப்பை உறிஞ்சும். பிறகு மூன்றாம் பால், கொஞ்சம் வெந்த அரிசி. உருண்டைகளை அரித்து எடுத்தார். திரும்பவும் போய் மணந்தேன். "இன்னும் கொஞ்சம் கூட." திரும்பப் பால். மூன்றாம் தரம் மணக்கும்போது ஆறிப் போயிருந்ததால் சிறட்டையை அடிமட்டும் மணக்க வேண்டியதாய்ப் போயிற்று.

"இப்ப சரி" என்றேன்.

பாஸ் அகப்பையை எடுத்தார்.

அடுத்த கரைச்சல் அங்கேயே வந்தது. தன்சல் என்றால் பந்தலிலேயே இருந்து சாப்பிடுகிறது. அதற்காக ஆட்கள் இருக்க நீள வாங்குப் பலகையெல்லாம் கழுவி, முற்றத்தில் போட்டு வைத்திருந்தார். வந்தவர்கள் எல்லாரும் சட்டியை நீட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

"இரிந்து குடிச்சிட்டுப் போங்க" என்றார் பாஸ் முதல் பிள்ளையிடம்.

"இரிந்தா பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லுமட்டும் இரிக்கோணும் பாஸ்."

பாஸ் சட்டியை நிரப்பினார். அடுத்ததையும் நிரப்பினார். கை நின்றுவிடவில்லை, ஆனால் ஒவ்வொரு சட்டியும் முடக்கில் மறையும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். குடிக்கிறவர் முகத்தைப் பார்த்தால்தானே மனம் குளிருகிறதா சுளிக்கிறதா என்று தெரியும். முகமெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டது. கிடாரத்தில் பாதி மிஞ்சியிருந்தது.

பாங்கு சொன்னது. ஒழுங்கையில் ஒரு காகமும் இல்லை. நானும் மசூரும் பேரீத்தம்பழம் வாயில் போட்டோம். பாஸ் வெள்ளைச் சாரத்தோடு வெறும் வாங்கில் இருந்தார். அவருக்கு முன்னால் வெறும் வாங்குகள்.

"எல்லாரும் தொழப் போயிரிக்காங்க பாஸ்" என்றேன்.

"ஓம். தெரியும்."

"குடிச்சிட்டுத்தான் போயிருப்பாங்க."

"ஓம்."

பிறகு முடக்கில் யாரோ ஓடி வருகிற சத்தம். சித்தி லைலா. கையில் அவளை விடப் பெரிய தூக்குப்பாத்திரம்.

"பாஸ், உம்மா கேட்டவ, இன்னும் இரிக்கா?"

பாஸ் எழும்பி நின்றார். அவளுக்குப் பின்னால் வாளியோடு இரண்டு பையன்கள், அவர்களுக்குப் பின்னால் தொப்பி கழற்றாமல் பள்ளியிலிருந்து நேரே வந்த ஆட்கள். இந்த முறை ஒருத்தரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வாங்கு நிரம்பினது. நல்லரெத்தினம் அண்ணர் விளக்கு வைத்துவிட்டு வந்து இரண்டு கோப்பை குடித்தார். பக்கீர் முகைதீன் லெப்பை கோப்பையைக் கவிழ்த்துக் காட்டி, "ஹேமதாச, பள்ளிக் கஞ்சி காச்சிறவனை உன்னட்ட அனுப்பிறன். படிப்பிச்சுக் குடு" என்றார். சபியா உம்மா மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டுக் "கடல்" என்றார். அவருக்குச் சரியாக இருந்திருந்தால்தான் நாங்கள் பயந்திருப்போம்.

பாஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் வாயில் அந்தக் கஞ்சி ஒரு துளியும் படவில்லை, விடியும்வரை படவும் ஏலாது. ஆனால் குடித்த ஆள் போலத்தான் இருந்தார்.

எல்லாரும் போன பிறகு கிடாரத்தின் அடியில் சுரண்டவும் ஒன்றும் இல்லை. பாஸ் கைகால் கழுவி, சிலைக்கு முன்னால் விளக்கு ஏற்றினார். ஒரு கோப்பையைப் பீங்கானில் வைத்து, கேத்தலிலிருந்து தண்ணீர் ஊற்றினார். கோப்பை நிரம்பி, வழிந்து, பீங்கானில் பரவும்வரை ஊற்றிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொன்னார். காலையில் பன்சலையிலும் ஊற்றினதாம், இது ஒழுங்கைக்காக இரண்டாம் தரமாம். நிரம்பி வழிகிற மாதிரி அவளுக்கும் போய்ச் சேரட்டும் என்று அர்த்தம். பலகைத் தட்டு ஒரு பக்கம் சாய்வு. அதில் எங்களுக்குப் பங்கு கிடையாதுதான், ஆனால் பீங்கான் சரியாமல் பிடிக்கலாம். பிடித்தேன். மசூர் அந்த நேரம் மூக்கைச் சிந்த வெளியே போனான். அவனுக்கு மாத்தூள் ஒத்துக்கொள்ளாது. எனக்கும் ஒத்துக்கொள்ளாது.

இஷாவுக்குப் பாங்கு சொல்லும்போது நான் போக எழும்பினேன்.

"ஸலாஹு, இஞ்ச வா" என்று பாஸ் என்னைக் கூப்பிட்டார்.

பணிஸ் தட்டத்தில் இரண்டு கிளாசில் தண்ணீர் இருந்தது.

"இதில எதில உப்பு எண்டு மணந்து சொல்லு."

நான் ஒன்றைத் தூக்கி மணந்தேன். மற்றதைத் தூக்கி மணந்தேன்.

"மூக்கு அடைச்சிரிக்கி பாஸ்."

"பின்னேரம் அடைக்கல்லையே."

"அது கஞ்சி. சூடு. ஆவியோடதான் மணம் வரும்."

பாஸ் கேத்தலை எடுத்து இரண்டு கிளாசிலும் சுடுதண்ணீர் விட்டார். ஆவி வந்தது. நான் கனநேரம் மணந்து, யோசித்து, இடக்கைப் பக்கத்துக் கிளாசைக் காட்டினேன்.

"ரெண்டும் சும்மா தண்ணி."

"உப்பு எண்டு சொன்னீங்களே! பொய் சொல்லக்கூடாதுதானே, நாலாவது?"

"போட்டன் எண்டு சொல்லல்ல. எதில எண்டு கேட்டன்." பாஸ் ஒரு கிளாசைத் தூக்கிச் சுடுதண்ணீரை ஊதி ஊதிக் குடித்தார். "முப்பது வருசமா உப்பு இந்தக் கையிலதான் கிடக்கு. அதுக்கு மணம் இல்ல."

"தெரிஞ்சா அப்பவே ஏன் சொல்லல்ல?"

"மா மூட்டைக்குப் பின்னால நான் என்னத்தைக் கண்டன்? காணாததைக் கண்டன் எண்டு சொன்னா அதுதான் பொய்."

நான் வாசலைப் பார்த்தேன். வாசல் தூரத்தில் இருந்தது.

"பெருநாள் முடிய, விட்ட நோன்பைத் திருப்பிப் பிடிக்கோணும்தானே?" என்றார் பாஸ்.

"ஓம்."

"எந்த நாள் எண்டு முன்னுக்கே வந்து சொல்லு. அண்டைக்கு உனக்குப் பணிஸ் குடுக்க மாட்டன்."